ஊர்ப் பெயரைச் சுமந்த நடிகர்

பனச்சமூடு சந்திப்பில் நிற்பவர், எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்பதைக் கடைப் பலகைகளைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். ஒன்றில் தமிழ், அடுத்ததில் மலையாளம். பேச்சில் இரண்டும் கலந்தே வரும். 1956 நவம்பர் 1-ல் கோடு போட்டார்கள். விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் தங்கின. நிலத்தைப் பிரித்தாயிற்று. நடிகர்களை எப்படிப் பிரிப்பது?

மார்த்தாண்டத்துக்கு அருகே இருக்கிறது திக்குறிச்சி. சிவராத்திரியன்று சிவாலய ஓட்டம் ஓடுகிறவர்கள் இரண்டாவதாகத் தரிசிக்கும் கோயில் இங்கேதான். 1916-ல் இந்த ஊரில் பிறந்தவர் சுகுமாரன் நாயர். அவர் எழுதத் தொடங்கிய காலத்தில் திருவிதாங்கூரில் நாடகம் என்றால் தமிழ்ப் பாணி சங்கீத நாடகம்தான். ராஜா சாவதற்கு முன்பும் ஒரு பாட்டு உண்டு. சுகுமாரன் நாயரின் நாடகங்களிலோ மனிதர்கள் வீட்டில் பேசுவதுபோல் பேசினார்கள். மலையாள மேடையில் தமிழ் நாடகத்தின் பிடியைத் தளர்த்தியவரின் ஊர் பிறகு தமிழகத்தோடு சேர்ந்தது, சரித்திரத்தின் குறும்பு.

அவரது 'ஸ்த்ரீ' நாடகம் 1950-ல் படமானது. அவரே நாயகன். 1951-ல் கே. வேம்பு இயக்கத்தில் அவர் நடித்த 'ஜீவித நௌகா' திருவனந்தபுரத்தில் 284 நாள் ஓடியது. 1953-ல் 'சரியோ தெற்றோ'வைத் தானே இயக்கினார். நாயக வேடம் இளையவர்களிடம் போனபோது ஒதுங்கிவிடவில்லை. அப்பாவாக, காரணவராக, 700 படங்களுக்கு மேல் நடித்தார். 'மாயா'வுக்காக 1972-ன் சிறந்த நடிகர் என்ற கேரள அரசு விருது கிடைத்தது. 1973-ல் பத்மஸ்ரீ. 1993-ல் ஜே.சி. டேனியல் விருது. மலையாள சினிமாவின் தந்தை எனப்படும் அந்த டேனியலும் 1975-ல் கண்மூடியது தமிழகத்து அகஸ்தீஸ்வரத்தில்தான்.

1952-ல் 'விசப்பின்டெ விளி' படப்பிடிப்பில் அப்துல் காதர் என்ற இளைஞருக்கு பிரேம் நசீர் என்று பெயர் சூட்டியவர் இவர். பிறருக்குப் புதுப் பெயர் கொடுத்தவர், தனக்கு ஊர்ப் பெயரே போதும் என்று இருந்துவிட்டார். 1997 மார்ச்சில் அவர் மறைந்தார். கேரளத்தில் திக்குறிச்சி என்றால் இன்றும் அவர்தான். தமிழகத்தில் கேட்டால் கோயிலுக்கு வழி சொல்வார்கள். நடிகரையும் சேர்த்துச் சொல்பவர்களைத் தேட, பனச்சமூடு பக்கம்தான் போக வேண்டும்.