மங்கும் கோடு

கையடக்க ராமன் கருவியைப் பால் சேகரிப்பு மையத்தில் எடுத்து வைத்தால் எல்லோருடைய கண்ணும் அதன்மேல்தான் இருக்கும். லேசர், திரை, ஏறி இறங்கும் வரைகோடு. பக்கத்தில் இருக்கும் சின்னக் குப்பியை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அளப்பது அந்தக் குப்பிக்குள் சிவப்பாக மிதக்கும் தங்க நானோ துகள்கள்தாம். அவை சொல்வதைக் கருவி எழுதிக்கொள்கிறது. துகள் சரியில்லை என்றால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் தவறாகத்தான் எழுதும்.

நாங்கள் தேடுவது அஃப்ளாடாக்சின் எம்1. ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கிலும் பருத்திக்கொட்டையிலும் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளர்ந்து அஃப்ளாடாக்சின் பி1 என்ற நஞ்சை உண்டாக்குகிறது. மாடு அதைத் தின்றால் கல்லீரல் அதை எம்1 ஆக மாற்றிப் பாலில் இறக்கிவிடும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட அளவு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். ஒரு கிராம் நஞ்சு ஏறத்தாழ 20 லட்சம் லிட்டர் பாலில் கலந்தால் எவ்வளவோ, அவ்வளவு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடெங்கும் எடுத்த 6,432 மாதிரிகளில் 5.7 விழுக்காடு இந்த வரம்பைத் தாண்டியிருந்தன. அப்படித் தாண்டிய மாதிரிகள் தமிழ்நாட்டில்தான் அதிகம்.

இவ்வளவு நுண்ணிய அளவை ராமன் சிதறலால் நேரடியாகப் பிடிக்க முடியாது. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் 1928இல் கல்கத்தாவில் சூரிய ஒளியையும் வண்ண வடிகட்டிகளையும் வைத்துக் கண்ணாலேயே கண்ட அந்தச் சிதறல் மிகவும் மெலிந்தது. கோடி ஃபோட்டான்களில் ஒன்றுதான் நிறம் மாறித் திரும்பும். 1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்முனையின்மேல் பிரிடின் மூலக்கூறு எதிர்பாராத வலுவோடு ஒளிர்ந்தது. உலோகப் பரப்பை ஒட்டி நிற்கும் மூலக்கூறின் சிதறல் பத்து லட்சம் மடங்குக்கு மேலும் கூடும் என்று பிறகு தெளிவானது. எங்கள் வேலை நிற்பது அதன்மேல்தான்.

இனி குப்பிக்கு வருகிறேன். குளோரோ ஆரிக் அமிலக் கரைசலைக் கொதிக்கவைத்து, அது சுழன்றுகொண்டிருக்கும்போதே சோடியம் சிட்ரேட்டை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். வெளிர் மஞ்சள் நிறம் போய், ஒரு கணம் நிறமே இல்லாமல் நின்று, கருத்து, ஊதாவாகி, சிவப்பில் வந்து நிலைக்கும். குடுவையை முன்பே ராஜதிராவகத்தில் கழுவியிருக்க வேண்டும்; பழைய தங்கம் ஒட்டியிருந்தால் புதியது அதன்மேல் கண்டபடி வளரும். சிட்ரேட்டைக் குறைத்தால் துகள் பெரிதாகும். 40, 50 நானோமீட்டர் எனக்கு உகந்த அளவு.

அடுத்து, ஒளியில் அடையாளம் காட்டும் மூலக்கூறான மெர்காப்டோபென்சாயிக் அமிலத்தைச் சேர்க்கிறோம். அதன் கந்தக முனை தங்கத்தைப் பற்றிக்கொள்ளும். ராமன் நிறமாலையில் 1080, 1590 அலையெண்களை ஒட்டி இரண்டு கூரிய முகடுகள் எழும். மேலே மெல்லிய சிலிக்கா ஓடு, அதற்கும் மேலே எம்1ஐ மட்டும் பற்றும் எதிர்ப்பொருள். அடையாளத் துகள் தயார்.

இந்த இடத்தில் ஒரு சபலம் வரும். அமிலம் கொஞ்சம் கூடினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சிவப்பு ஊதாவாகச் சாயும். ஒட்டிய துகள்களின் இடுக்கில் ஒளி பன்மடங்கு பெருகுவதால் முகடு திரையை முட்டும். புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்து மகிழ்ந்துபோவார்கள். ஆனால் எந்தத் துகள் எதோடு ஒட்டும் என்பது யார் கையிலும் இல்லை; அடுத்த பேட்ச் அதேபோல் வராது. பெரிய முகட்டைவிட, எப்போது அளந்தாலும் ஒரே உயரத்தில் நிற்கும் முகடே எனக்கு வேண்டும். ஊதா தட்டிய பேட்சை நான் பயன்படுத்துவதில்லை.

இந்தத் துகள்களைப் பாலோடு ஓடவிடும் சோதனைப் பட்டையின் தர்க்கம் தலைகீழானது. எம்1 மிகச் சிறிய மூலக்கூறு. இரண்டு எதிர்ப்பொருள்கள் ஒரே நேரத்தில் பிடிக்க அதில் இடமில்லை. அதனால் பட்டையின் சோதனைக் கோட்டில் முன்கூட்டியே நஞ்சைப் பதித்து வைக்கிறோம். பாலில் நஞ்சு இல்லையென்றால் அடையாளத் துகள்கள் நேராகப் போய் அங்கே படிந்து கோடு வலுவாக ஒளிரும். பாலில் நஞ்சு இருந்தால் துகள்களின் கை வழியிலேயே நிறைந்துவிடும், கோடு மங்கும். ஒளி குறைந்தால் நஞ்சு கூடுதல்.

ஆகவே எவ்வளவு துகள் ஊற்றுகிறோம் என்பதே உயிர்நாடி. அளவுக்கு மீறி ஊற்றினால், நஞ்சைப் பிடித்தவை போக மிச்சமுள்ளவை சோதனைக் கோட்டை நிரப்பிவிடும். நஞ்சுள்ள பால் நல்ல பாலாகத் தெரியும். நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். மாறாக, துகள் பழசாகியோ, பாலின் கொழுப்பு அடைத்தோ, கேசீன் புரதம் படிந்தோ ஒளி குறைந்தால் நல்ல பாலுக்குக் கெட்ட பெயர் வரும். இதற்காகத்தான் கொழுப்பை முதலில் சுழற்றி நீக்குகிறோம். நஞ்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒளிர வேண்டிய கட்டுப்பாட்டுக் கோட்டையும் அளந்து, இரண்டின் விகிதத்தை மட்டுமே எடுக்கிறோம். லேசரின் வலு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் விகிதம் அவ்வளவாக அசையாது. நஞ்சு இல்லை என்று உறுதியான பாலையும் தெரிந்த அளவு நஞ்சு சேர்த்த பாலையும் அன்றைய பட்டையில் ஓட்டாமல் மற்ற மாதிரிகளைத் தொடக்கூடாது.

கருவிக்கென்று செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். பாலிஸ்டைரீன் துண்டை வைத்து 1001இல் முகடு நிற்கிறதா என்று பார்ப்பது, வெயில் படாமல் மூடுவது, லேசர் கண்ணாடி அணிவது. கோட்டில் ஓரிடத்தை மட்டும் அளக்காமல் பல புள்ளிகளில் அளந்து சராசரி எடுப்பது.

நஞ்சு வரம்பைத் தாண்டியதாக விகிதம் காட்டினால் அங்கேயே தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இரண்டு மாட்டை வைத்துப் பிழைப்பவரின் வருமானம் அந்தக் கேனில் இருக்கிறது. அந்தப் பாலைத் தனியே நிறுத்தி, மாதிரியை எல்.சி.எம்.எஸ். வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். எங்களுடையது முதற்கட்டச் சோதனை. உறுதி செய்வது அவர்கள் வேலை.

முடிவு வரும்வரை சும்மா இருப்பதில்லை. “புண்ணாக்கு மூட்டையை எங்கே வச்சிருக்கீங்கம்மா?” என்று கேட்டு வீட்டுக்கே போய்ப் பார்ப்போம். பெரும்பாலும் வெறும் தரையில், ஒழுகும் கூரைக்குக் கீழே இருக்கும். மூட்டையை மாற்றி, புதியதைப் பலகைமேல் ஏற்றி வைத்தால் சில நாட்களிலேயே பாலில் எம்1 இறங்கத் தொடங்கும். அது இறங்குகிறதா என்று பார்க்க, அதே மாட்டின் பாலுக்கு இன்னொரு பட்டை எடுத்து வைத்துவிட்டு வருவேன்.