ஊசுட்டேரியில் ஒரு பகல்

தை மாத ஞாயிறொன்றில், வில்லியனூர் லூர்து அன்னை ஆலயத்தில் காலைத் திருப்பலியில் பங்குகொண்டு, கட்டுச்சோற்றுடன் குடும்பமாக ஊசுட்டேரிக்குச் சென்றோம். புதுவையின் மிகப் பெரிய ஏரி இதுவே. ஒரு பகுதி தமிழகத்தைச் சேர்ந்தது. சங்கராபரணி ஆற்று நீர் வாய்க்கால் வழியே வந்து இதனை நிரப்புகின்றது.

படகேறியதும் பிள்ளைகளுக்குப் பேருவகை. ஆனால் இயந்திரம் இரைந்த கணமே, நெற்றியில் வெண்ணாமம் தரித்த நாமக்கோழிகள் நீரை மிதித்தோடி, கூட்டமாய் எழுந்து மறுகரைக்குப் பறந்தன. நாம் நெருங்க நெருங்க அவை விலகின.

"நம்மைக் கண்டா அஞ்சுகின்றன, அப்பா?" என்றாள் இளையவள்.

புதுவை அரசு 2008-ஆம் ஆண்டிலேயே தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்துள்ளது. கட்டணம் செலுத்தி அவற்றை விரட்டச் சென்ற எனக்கு விடை கூற நாவெழவில்லை.

பிற்பகல் கரைமீது நடந்தோம். வெயிலென்று மூத்தவன் முணுமுணுத்தான். மரநிழலொன்றில் ஓசையின்றி அமர்ந்திருந்தபோது, நத்தைகுத்தி நாரையொன்று இருபதடித் தொலைவில் வந்திறங்கிற்று. மூடினாலும் நடுவே இடைவெளி தோன்றும் அலகினைச் சேற்றில் செருகி, நத்தையை எடுத்து, ஓட்டினின்றும் சதையை நிதானமாகப் பிரித்துண்டது. மூத்தவன் மூச்சையும் அடக்கிக்கொண்டிருந்தான்.

அந்தி மயங்கும்வரை எழ மனமில்லை, பேருந்தையும் தவறவிட்டோம்.