சம்பியன்களின் பதினேழு நாள்

1999 உலகக் கிண்ணத்துக்கு இலங்கை அணி நடப்புச் சம்பியனாக இங்கிலாந்து போனது. 1996 மார்ச் 17 இல் லாகூரில் அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டுகளால் வென்ற அதே அர்ஜுன ரணதுங்கதான் தலைவர். அரவிந்த டி சில்வா, ஜயசூரிய, களுவிதாரண, முரளிதரன், வாஸ் என்று பழைய முகங்களே அதிகம். உத்தியும் பழையதே. களத்தடுப்பாளர்கள் உள்வட்டத்தில் நிற்கும் முதல் 15 ஓவர்களில் பந்தைத் தூக்கி அடிப்பது ஆசிய ஆடுகளங்களில் எடுபட்டது. மே மாத இங்கிலாந்தில் வெள்ளைப் பந்து காற்றில் வளைந்தது. ஜயசூரியவுக்குத் தொடர் முழுவதும் ஓர் அரைச்சதம்கூடக் கிடைக்கவில்லை.

மே 14 இல் லோர்ட்ஸில் முதல் ஆட்டம். 204 ஓட்டங்களுக்குச் சுருண்ட இலங்கையை இங்கிலாந்து எட்டு விக்கெட்டுகளால் வென்றது. நோர்தம்டனில் தென்னாபிரிக்காவை 122 இற்கு 8 விக்கெட் என்று மடக்கியும், குளூஸ்னர் அதை 199 வரை இழுத்துப் போனார்; பதிலுக்கு இலங்கை எடுத்தது 110. வூஸ்டரில் சிம்பாப்வேயை வென்றதே முதல் ஆறுதல்.

ஆட்டங்கள் இலங்கை நேரப்படி பிற்பகல் மூன்றே முக்காலுக்குத் தொடங்கின. கேகாலை மாவட்டத்து இறப்பர் தோட்டங்களில் அதற்குள் பால் வெட்டும் நிறுவையும் முடிந்துவிடும். பற்றரி வானொலி உள்ள லயத்துக்கு அது வசதியான நேரம். கேட்டதுதான் வசதியாக இல்லை. 26 ஆம் திகதி டோன்டனில் ரணதுங்க நாணயச் சுழற்சியில் வென்று இந்தியாவைத் துடுப்பெடுத்தாடச் சொன்னார். வாஸ் முதல் ஓவரிலேயே ரமேஷை வீழ்த்தினார். பிறகு கங்குலியும் திராவிடும் 318 ஓட்டங்கள் சேர்த்தார்கள். கங்குலி 183, திராவிட் 145, இந்தியா 373. சிறிய மைதானம் என்பது உண்மை. ஆனால் அன்றைய பந்துவீச்சுக்கு அதைச் சாட்டாகச் சொல்ல முடியாது. தோல்வி 157 ஓட்டங்களால்.

29 ஆம் திகதி சிம்பாப்வே தென்னாபிரிக்காவை வென்றதும் மிச்ச வாய்ப்பும் போனது. மறுநாள் கென்யாவை வென்றது கணக்குக்கு மட்டுமே. 1987 இல் கிண்ணம் வென்ற அவுஸ்திரேலியாவும் 1992 இல் சொந்த மண்ணிலேயே அரையிறுதிக்கு வராமல் போனது உண்டு. ஆனாலும் இலங்கைத் தெரிவாளர்கள் மூன்றாண்டுப் பழைய வெற்றியை அளவுக்கு மீறி நம்பினார்கள் என்றே சொல்ல வேண்டும்.

தலைமை ஜயசூரியவிடம் போனது. மஹாநாம ஓய்வு பெற்றார். ஓகஸ்ட் மாத முடிவில் கொழும்பில் நடந்த அய்வா கிண்ண இறுதியில், புதிய உலகச் சம்பியனான அவுஸ்திரேலியாவை இலங்கை எட்டு விக்கெட்டுகளால் வென்றது.