பதினைந்து பைட் தமிழ்

திங்கள், இரவு 10.30

பதினாறு வருடம் ஜாவாவில் பிழைத்த கை. வீடு அடங்கிய பிறகு சி மொழியில் ஒரு நிரல் எழுத உட்கார்ந்தார். சின்ன வேலைதான்: ஒரு கோப்பில் எத்தனை தமிழ் எழுத்து இருக்கிறது என்று எண்ண வேண்டும். விரல்கள் கேட்காமலே ‘கோனியோ.எச்’ என்று தட்டின. கல்லூரி லேபில் டர்போ சி-யின் நீலத் திரை முன் முதலில் பழகிய வரி அது. இப்போதைய கம்பைலரான ஜிசிசியோ, அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது. டாஸ் காலத்துக் கம்பைலர்கள் சேர்த்துக் கொடுத்ததை மொழியின் அங்கம் என்றே இத்தனை நாளும் நம்பியிருந்தார்.

செவ்வாய்

அடுத்து ‘கெட்ஸ்’ மாட்டியது. வரும் வரி எவ்வளவு நீளம் என்று பாராமல் வாங்கிக் கொட்டும் ஃபங்ஷன் அது. 1988 நவம்பரில் மாரிஸ் என்ற கணினிப் புழு நுழைந்த வழிகளில் இதுவும் ஒன்று. ஃபிங்கர் சேவை 512 பைட் ஒதுக்கியிருந்த இடத்தில் அதைவிட நீளமான வரியைத் திணித்து, வாக்ஸ் கணினிகளைப் பிடித்தது. சி மொழியின் 2011 தர வரையறை கெட்ஸை நீக்கியே விட்டது. லேப் ரெக்கார்டில் அதை எழுதித்தான் இவர் முழு மதிப்பெண் வாங்கினார்.

இடத்தின் அளவையும் கேட்டு வாங்கும் ‘எஃப்கெட்ஸ்’ போட்டதும் வேலை நகர்ந்தது.

புதன்

‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டார். 15 என்று வந்தது.

யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், ஆகவே 15. ஜாவா 5 என்றிருக்கும். அதுவும் தப்புதான், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் மூன்று. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எண்ணாமல் தாண்டச் சொல்லி நாலு வரி சேர்த்தார். 3 வந்தது.

வியாழன்

சொற்களை நகலெடுத்து வைக்க ‘மால்லாக்’ மூலம் இடம் வாங்கியிருந்தார். நேற்று ஒழுங்காக ஓடியது, இன்று பெரிய கோப்பில் விழுந்தது. நினைவகத் தப்புகளைக் காட்டிக் கொடுக்க, 2013-இல் ஜிசிசி 4.8-உடன் வந்த அட்ரஸ் சானிடைசரைப் போட்டுப் பார்த்தார். ‘தமிழ்’ என்ற முதல் சொல்லிலேயே, 15 பைட் இடத்தின் எல்லையைத் தாண்டி எழுதியதாக வரி எண்ணோடு காட்டிக் கொடுத்தது. சி-யில் சரம் தன் நீளத்தைக் குறித்து வைத்துக்கொள்வதில்லை. முடிவைச் சொல்லக் கடைசியில் ஒரு சுழியம் நிற்கும். அதற்கு இடம் விடவில்லை. மால்லாக் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுத்திருந்ததால் நேற்று தப்பு வெளியே தெரியவில்லை. ‘+1’ சேர்த்தார். ஜாவாவில் இந்தக் கணக்கை அவர் ஒரு நாளும் போட்டதில்லை.

வெள்ளி

மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் ‘ஸ்ரீரங்கம்’ என்று தட்டினாள்.

“ஆறுன்னு வருதும்மா,” என்று விரல்விட்டு எண்ணினாள். “ஸ்ரீ, ர, ங், க, ம். அஞ்சுதானே?”

ஸ்ரீயை ஸ் என்றும் ரீ என்றும் நிரல் பிரித்திருந்தது. எடிட்டரை மறுபடி திறந்தார்.