பெரியப்பத்தாவின் பொட்டு

2014 கோடை விடுமுறையில் திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம் ஏறினேன். அங்கிருந்து பேருந்தில் ஈப்போ. பிறகு சுங்கை சிப்புட். அறந்தாங்கிக்கு அருகிலுள்ள எங்கள் கிராமத்திலிருந்து 1937-இல் நாகப்பட்டினம் சென்று, 'ரஜூலா' கப்பலேறி, என் தாத்தாவின் அண்ணன் வந்து சேர்ந்ததும் இவ்வூரைச் சூழ்ந்திருந்த ரப்பர் தோட்டங்களுள் ஒன்றுக்குத்தான். நாங்கள் அவரைப் பெரிய தாத்தா என்போம். எங்களில் யாரும் அவரைப் பார்த்ததில்லை.

ஊரில் அவர் விட்டுச்சென்ற மனைவி பெரியப்பத்தா. பிள்ளைகள் இல்லை. எழுபது வயதைக் கடந்த பின்னும் நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுத் திண்ணைக்கு வந்து நிற்பார். ஒன்றும் கேட்கமாட்டார். அவர் 'இல்லை' என்று தலையசைத்துவிட்டுப் போவார். 1991-இல் பெரியப்பத்தா இறந்தபோது சுமங்கலியாகவே எடுத்துச் சென்றார்கள்.

பொருள்வயின் பிரிவை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் அந்தத் திண்ணை நினைவுக்கு வரும். கடல் கடந்து செல்லும் பிரிவில் பெண்ணை உடன் கொண்டு செல்லும் வழக்கமில்லை என்று தொல்காப்பியம் சொல்கிறது. நாள்களை எண்ணிச் சுவரில் கோடிட்டு வைக்கும் தலைவியரைச் சங்கப் பாடல்களில் காண்கிறோம். தலைவன் திரும்பாமலே போனால் அந்தச் சுவர் என்னவாகும் என்று ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள். நான் தேர்வுக்குரிய விடையைச் சொல்லிச் சமாளித்தேன்.

எங்களைத் தேடி வந்தவர்கள் அவர்கள்தாம். 2012-இல் மலேசியாவிலிருந்து வந்திறங்கிய ஒருவர், எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் தாத்தாவின் பெயரைச் சொல்லி விசாரித்தார். பெரிய தாத்தாவின் மகளுடைய பேரன். முறைக்கு எனக்குத் தம்பி மகன் போலவா, மருமகனா என்று கணக்குப் பார்த்துக் கடைசியில் மருமகன் என்று முடிவாயிற்று. அதாவது, பெரிய தாத்தாவுக்கு அங்கே ஒரு குடும்பம் இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அன்று யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. விருந்து மட்டும் பலமாக நடந்தது.

அவருடைய பாட்டி, அதாவது என் அத்தை, 1942-இல் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "பசியாறிட்டியா மருமவனே?" என்றார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, 1943-இல், ஜப்பானியர் தோட்டத்து ஆண்களைச் சயாமுக்கு ரயில்பாதை போட அழைத்துச் சென்றார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்றார்களாம். 415 கிலோமீட்டர் பாதை அந்த ஆண்டு அக்டோபரில் முடிந்தது. பெரிய தாத்தா பேதியில் இறந்ததைப் போர் முடிந்தபின் திரும்பிய ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார். அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவலை முன்பே படித்திருந்தேன். படித்தது வேறு, அத்தை, "காட்டுலயே போட்டுட்டு வந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு எனக்குத் தேநீரை ஆற்றித் தந்தது வேறு.

அத்தை ஒருமுறை காஞ்சனபுரிக்குப் போயிருக்கிறார். அங்குள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 போர்க் கைதிகளின் கல்லறைகள் ஒழுங்காக வரிசையில் இருக்கின்றன. "புல்லுகூட வெட்டி வச்சிருக்காங்க. எங்கப்பா மாதிரி ஆளுங்களுக்கு ஒரு கல்லு இல்ல" என்றார்.

இரண்டாம் நாள் இரவு, பிஸ்கட் டின் ஒன்றிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துவந்தார். மருமகன் எங்கள் ஊரைக் கண்டுபிடித்தது அதன் உறையிலிருந்த முகவரியைக் கொண்டு. 1946-ஆம் ஆண்டுக் கடிதம். சற்றே வலப்புறம் சாய்ந்த என் தாத்தாவின் கையெழுத்து. அண்ணன் காலமான செய்தி கிடைத்தது; இங்கே அண்ணியிடம் தெரிவிக்கவில்லை, தெரிவிக்கத் தைரியம் இல்லை; ஆகையால் இனிமேல் தாங்கள் கடிதம் எழுத வேண்டாம். அவ்வளவே.

நாற்பத்தைந்து வருடங்கள். அந்தத் தபால்காரரிடம் வருவதற்கு எதுவுமே இல்லை என்பதை ஒரே வீட்டில் இருந்துகொண்டு தாத்தா அறிந்திருக்கிறார். ஆடி அமாவாசைதோறும் அவர் மட்டும் தனியாகக் கோடியக்கரைக்குப் போய்வந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. இருபதுகளில் இருந்த ஒரு பெண்ணுக்கு வெள்ளைச் சேலையும் மூலையும் விதிக்கப்படாமல் காத்தார் என்றும் சொல்லலாம். ஒரு வாழ்நாளைத் திண்ணையில் நிறுத்திவைத்தார் என்றும் சொல்லலாம். அன்றிரவு எனக்குத் தாத்தாமேல் கடுங்கோபம் இருந்தது. இப்போது அவ்வளவு நிச்சயமாகக் கோபப்பட முடியவில்லை.

"எங்கம்மா அந்த வருஷமே பொட்டை எடுத்துட்டாங்க. மறுநாள் பால்வெட்டுக்குப் போகணும்ல," என்றார் அத்தை. சற்று நேரம் கழித்து, "அங்க அந்தம்மா கடைசிவரைக்கும் வச்சிருந்தாங்களா?" என்று கேட்டார்.

வைத்திருந்தார்கள் என்றேன். அத்தை கடிதத்தை மடித்து மீண்டும் டின்னுக்குள் வைத்தார்.

ஊர் திரும்பி, கடிதத்தின் நகலை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இருமுறை படித்தார். "அப்பா எழுத்துதான்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அந்த ஆடி அமாவாசைக்கு இருவரும் கோடியக்கரைக்குப் போனோம். இடுப்பளவு நீரில் நின்று எள்ளும் தண்ணீரும் இறைத்தார். தாத்தாவின் பெயர், பெரிய தாத்தாவின் பெயர், பெரியப்பத்தாவின் பெயர். பிறகு கையில் நீரை ஏந்தியபடியே என் பக்கம் திரும்பி, "அங்க இருந்தவங்க பேரு என்ன?" என்றார்.

நான் அத்தையிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. கரையேறி, சட்டைப் பையிலிருந்த கைபேசியை எடுத்துச் சுங்கை சிப்புட்டுக்கு அழைத்தேன். அப்பா தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தார்.