விரிச்சா வீடு

ஐகியா அறக்கட்டளையும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் துணைநின்று உருவான தங்குமிடத்தின் படத்தைத் தோழர் ஒருவர் காட்டினார். இரண்டு பெட்டிக்குள் அடங்கிவிடும். நாலு பேர் சேர்ந்தால் சில மணி நேரத்தில் 17.5 சதுர மீட்டர் வீடு. 2016க்கான லண்டன் டிசைன் மியூசியம் விருதும் வாங்கியிருக்கிறது.

எங்க ஆயா பாத்திருந்தா சிரிச்சிருக்கும். கரும்பு வெட்டப் போற எடத்துல அது விரிக்காத வீடா? நாலு மூங்கில், ஒரு தார்ப்பாய், பழஞ்சேலை. பகல்ல பாயோட ஓரத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்தா சமையக்கட்டு. ராத்திரி எறக்கி, குறுக்கே சேலையைக் கட்டினா அண்ணன் அண்ணிக்கு ஓர் அறை. வெட்டு முடிஞ்சா சுருட்டி லாரியில போட்டு, அதுமேலயே ஒக்காந்து வருவோம். விருதுதான் பாக்கி.

ஆனால் அந்த வீட்டில் பூட்டுகிற கதவு இருக்கிறது. என் கண் அதிலேயே நின்றது. எங்க கூடாரத்துக்குள்ள மேஸ்திரி எட்டிப் பாக்க, பாயை ஒதுக்கினா போதும். அக்கா வயசுக்கு வந்த வருசத்திலிருந்து ஆயா உள்ளே படுக்கவில்லை. கரும்புக் கத்தியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வாசலுக்குக் குறுக்கே படுத்துக்கொள்ளும்.