பெட்ரோல் குடித்தது யார்?

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் கணக்கு எழுதத் தோன்றும். எங்கள் வீட்டு மாருதி 800-க்கு ஒரு நோட்டு இருக்கிறது. 2004-ல் அப்பா ரிடையரான பணத்தில் வாங்கிய வண்டி. முதல் இருபது பக்கம் அவருடைய கையெழுத்து. தேதி, கிலோமீட்டர், லிட்டர் என்று மூன்றே கட்டம். 'மைலேஜ்' என்கிற நாலாவது கட்டம் நான் போட்டது. வம்பே அங்கேதான் ஆரம்பம்!

மைலேஜ் பார்க்கும் முறை ரொம்பச் சுலபம். ஃபுல் டேங்க் போடுங்கள். பம்ப் 'டக்'கென்று தானாக நின்றதும் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டுங்கள். மறுபடி அதே பங்க், அதே பம்ப், அதே 'டக்'. ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது தடவை போட்ட லிட்டரால் வகுத்தால் தீர்ந்தது. முள்ளைப் பார்த்து, "அரை டேங்க்ல ஊட்டிக்கே போய்ட்டு வந்தேன் சார்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

2025 நவம்பர் வரை என் நோட்டில் 17, 16.8, 17.1. அதற்கு அடுத்த டேங்க் 13.4. அதற்கடுத்தது 247 கிலோமீட்டர், 19 லிட்டர். அதாவது 13! மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுகிற எனக்கு ஒன்பது லிட்டர் கூடுதல். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி விற்றுக்கொண்டிருந்த நேரம். யார் குடிக்கிறார்கள்?

"எல்லாம் எத்தனால் சார்" என்றார் எதிர் ஃப்ளாட் பேங்க் ஆபீஸர். அந்த வருஷம் முழுக்க ஊரில் அதே பேச்சுதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிற சக்தி, பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இருபது சதவிகிதம் கலந்தால் மொத்தத்தில் ஏழு சதவிகிதம் அடிபடலாம். என் வண்டியில் போயிருப்பதோ இருபத்து மூன்று சதவிகிதம். தவிர, முந்தைய 17-ம் அதே கலப்பு பெட்ரோலில் வந்த 17தான். எத்தனால் விடுதலை.

அடுத்தது பங்க். ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரை போட்ட ஐந்து லிட்டர் அளவை ஒன்று இருக்கும், நாம் கேட்டால் அளந்து காட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். கேட்டேன். பின்னால் நின்ற ஏழெட்டு வண்டிகள் என் பரம்பரையையே ஹாரனில் விசாரித்தன. பையன் முறைத்துக்கொண்டே அளந்தான். கோட்டில் கச்சிதமாக நின்றது. ஒரு 'தேங்க்ஸ்' சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

டயரில் காற்று சரி. ஏர் ஃபில்டரைத் தட்டியதில் வந்த தூசி தும்மலுக்குத்தான் ஆனது. பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் இழுத்தாலும் பெட்ரோல் போகும் என்று படித்திருந்தேன். ஓட்டிவிட்டு வந்து நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தேன். எதுவும் மற்றதைவிடச் சுடவில்லை. சமதளத்தில் நியூட்ரலில் விட்டு ஒரு கையால் தள்ளினால் சமர்த்தாக உருண்டது. ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய பேப்பரை விரித்து வைத்தேன், ஒழுகல் தெரியட்டும் என்று. காலையில் பேப்பரில் பூனை படுத்திருந்தது.

மிச்சம் இருந்தது மச்சினன்.

மனைவியின் தம்பி. மடிப்பாக்கத்தில் எங்களோடு தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தான். புதிதாக லைசென்ஸ் எடுத்திருந்தான். "ஒரு ரவுண்டு போய்ட்டு வர்றேன் மாமா" என்று ராத்திரியில் சாவியை வாங்கிப் போக ஆரம்பித்தது சரியாக அந்த நவம்பரில்தான். எத்தனை ரவுண்டு போனாலும் மீட்டரும் கூடவே ஓடுமே, அதனால் மைலேஜ் குறையாதே என்பது பி.காமுக்கு உறைத்தது. உறைத்ததும் புத்தி அடுத்த படிக்குப் போயிற்று. ஓட்டாமலே பெட்ரோல் குறைகிறது என்றால்? அவனுடைய சிநேகிதன் ஒருவன் பைக்கில் வந்து போவான்.

ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டே விட்டேன். "உன் ஃப்ரெண்டு பைக்குக்கு எங்கப்பா பெட்ரோல் போடுறான்?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தான். மூன்றாம் நாள், "திருவல்லிக்கேணில மேன்ஷன் கிடைச்சிருக்கு மாமா. இன்டர்வியூவுக்கெல்லாம் கிட்டக்க" என்று பெட்டியைத் தூக்கினான். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் என்றால், உப்பு இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

அவன் போன பிறகு போட்ட முதல் டேங்க் 13. அதற்கடுத்தது 12.9.

அன்றைக்கு நோட்டை மூடி வைத்தவன், "வித்துடலாம்" என்றேன். "உங்க இஷ்டம்" என்றாள்.

இப்படித்தான் ஜனவரியில் ஒரு காலை புதுப்பேட்டைக்குப் போனேன்.

எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். கூவத்தின் கரை. ஆதித்தனார் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் தெருவே ஒரு பெரிய வண்டியைப் பிரித்துப் போட்டதுபோல இருக்கிறது. ஒரு கடை முழுக்கக் கதவுகள். இன்னொன்றில் பானெட்டுகளை அப்பளம்போல அடுக்கியிருக்கிறார்கள். ஸ்டியரிங்குகள் கயிற்றில் தோரணமாகத் தொங்குகின்றன. நடக்கிற மண் கிரீஸ் குடித்துத் தார் மாதிரி ஆகிவிட்டது. அதில் நட்டும் வாஷரும் பதிந்து மின்னுகின்றன. வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்து வருவதற்குள் உங்கள் ஹெட்லைட்டையே உங்களிடம் விலை பேசுவார்கள் என்று ஒரு பழைய சென்னை ஜோக் உண்டு. அதை நினைத்து நாலு தடவை திரும்பிப் பார்த்தேன். (சந்தேகம் என்பது பழகிவிட்டால் சுலபத்தில் விடாது.) ஒரு பையன் ஓடி வந்து, நான் கதவில் விட்டுவிட்டு வந்த சாவியைக் கையில் கொடுத்தான்!

பாய் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஏதோ கியர்பாக்ஸைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அறுபது இருக்கும். "வாங்குறது இருக்கட்டும். ஏன் விக்கறீங்க?" என்றார். மைலேஜ் கதையைச் சொன்னேன். நோட்டைக் காட்டினேன். அப்பாவின் பக்கங்களை அவர் மெதுவாகத் திருப்பினார். பானெட்டைத் திறந்து மூன்று ப்ளக்கையும் கழற்றினார். இளம் காப்பி நிறத்தில் இருக்க வேண்டிய மூக்குகள் மூன்றும் விளக்குக் கரி பூசியதுபோலக் கறுப்பு.

"ஹீட் முள் எவ்ளோ ஏறுது?"

"ஏறவே ஏறாது பாய். கீழேயேதான் இருக்கும். அவ்ளோ கூலா ஓடுது!" என்றேன் பெருமையாக.

அவர் சிரித்தார். "நல்லா ஆறட்டும். மத்தியானம் வாங்க."

மூன்று மணிக்கு வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, ரேடியேட்டருக்கு மேலே போகிற ஓஸின் மேல் என் கையை வைத்து அழுத்திக்கொண்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஓஸ் வெதுவெதுப்பானது. "இது இப்போ ஜில்லுனு இருக்கணும். இஞ்சின் நல்லா சூடானப்புறம்தான் தெர்மோஸ்டாட் தொறந்து தண்ணிய இங்க விடும். உங்க வண்டில அது இல்ல சார். எங்க கழட்டினாங்க?"

செஞ்சி!

அந்த நவம்பரில் திருவண்ணாமலைக்குப் போனோம். திண்டிவனத்தில் திரும்பி, செஞ்சிக்கு முன்னால், 1677-ல் சிவாஜி பிடித்த ராஜகிரிக் கோட்டை எதிரே தெரிகிற இடத்தில் வண்டி ஆவி விட்டது. புளியமரத்தடி மெக்கானிக் ஒருவர் எதையோ கழற்றி, தண்ணீர் ஊற்றி, அரை மணியில் அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு முள் மேலே ஏறவேயில்லை. 'ஆஹா, கைராசிக்காரர்' என்று வழியெல்லாம் புகழ்ந்துகொண்டே வந்தேன்.

"இஞ்சின் சூடாகிற வரைக்கும் கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊத்தும் சார். நீங்க ஓட்டறதோ ஸ்கூலுக்கு நாலு கிலோமீட்டர், ஸ்டேஷனுக்கு மூணு. சூடே ஆகறதில்ல. உங்க வண்டிக்கு ரெண்டு மாசமா மணி காலங்காத்தால அஞ்சுதான்" என்றார் பாய். "கழட்டினது தப்பில்ல. அது மூடியே சிக்கிக்கிட்டா கழட்டித்தான் வண்டிய ஊர் சேர்க்கணும். ஊருக்குப் போய் புதுசு போடச் சொல்லியிருப்பாரே? பழசைக் கையில குடுத்திருப்பாரே?"

டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். இன்ஷூரன்ஸ் காகிதங்களுக்கு அடியில், செய்தித்தாளில் சுற்றி, உள்ளங்கை அளவில் ஒரு பித்தளை வட்டம். திருப்பத்தில் 'லொடக்' என்று சத்தம் வரும்போதெல்லாம் நான் வண்டியின் வயசைத்தான் திட்டியிருக்கிறேன். அவர் சொல்லியிருக்கிறார். என் காதில்தான் விழவில்லை.

எனக்குக் காட்டியே ஆக வேண்டும் என்று பாய் பக்கத்து டீக்கடை பாய்லரிலிருந்து ஒரு டம்ளர் கொதிநீர் வாங்கி அதைப் போட்டார். மூடியது மூடியபடியே கிடந்தது. "இதை மட்டும் எங்ககிட்ட பழசு வாங்காதீங்க" என்று ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு அனுப்பினார். 350 ரூபாய்க்குப் புதிது வந்தது. அதையும் டம்ளரில் போட்டார். எண்பத்து சொச்சம் டிகிரியில் திறக்கிற சமாசாரம். வெந்நீரில் மெதுவாக வாயைத் திறந்தது, வெளியே எடுத்ததும் மூடிக்கொண்டது. டீ மாஸ்டர் உட்பட நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். மாட்டி, கேஸ்கட் வைத்து, குழாய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு கூலன்ட் ஊற்றி, கூலி முந்நூறு வாங்கிக்கொண்டார். "அப்ப விக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் கியர்பாக்ஸுக்குத் திரும்பிவிட்டார்.

புதுப்பேட்டையிலிருந்து திருவல்லிக்கேணி எவ்வளவு தூரம்? மவுன்ட் ரோடைத் தாண்டினால் வந்துவிடும். வாலாஜா சாலையில் திரும்பும்போது முள் பாதிக்கு வந்து நின்றது.

மேன்ஷன் வாசலில் லுங்கியோடு இறங்கி வந்தான். இளைத்திருந்தான். என்ன சொல்வது? வழியில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. பித்தளை வட்டத்தை அவன் கையில் வைத்தேன்.

"என்ன மாமா இது?"

"இதுதான்" என்றேன். "பெட்ரோல் குடிச்சது."

திருப்பித் திருப்பிப் பார்த்தான். முழுக் கதையையும் சொன்னேன், சாப்பாட்டு நேரத்துக் கேள்வி உட்பட. அது தப்பு என்றும் சொன்னேன். அவன் தலையாட்டிக்கொண்டான்.

"வீட்டுக்கு வாடா. அக்கா பேசவே மாட்டேங்குறா."

"இந்த மாச வாடகை கட்டிட்டேன் மாமா. பொங்கலுக்கு வர்றேன்."

சாவியை நீட்டினேன். பீச் வரைக்கும் ஒரு ரவுண்டு போகலாம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டான். உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்தான், பெல்ட் போட்டான். பிறகு டாஷ்போர்டிலிருந்த நோட்டை எடுத்து, மீட்டரைப் பார்த்து, தேதி போட்டு, கிலோமீட்டரை எழுதினான்.

"எழுதிட்டேன் மாமா. கிளம்பலாமா?"